இரண்டாம் பாகத்தில் சிரிப்பு ஏன் குறைகிறது?

படம் முடிந்து பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்துக்கு நடக்கும்போதே நம்மவர்களின் தீர்ப்பு வந்துவிடும்: "மொத பாகம் மாதிரி இல்லலா." 2022 டிசம்பரில் 'நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்' வந்தபோதும் இதைக் கேட்டோம், அடுத்த ஆண்டு 'சந்திரமுகி 2' வந்தபோதும் கேட்டோம். இரண்டிலும் நடித்தவர் அதே வடிவேலுதான். பிறகு எங்கே குறைந்தது?

நாய் சேகரையே எடுத்துக்கொள்வோம். அந்தப் பாத்திரம் பிறந்தது 2006இல் வந்த 'தலைநகரம்' படத்தில். சுந்தர் சி கதாநாயகனாக அறிமுகமான அந்தப் படம் உண்மையில் ஒரு ரவுடிக் கதை. வெட்டு, குத்து, பழிவாங்கல் எல்லாம் உண்டு. நிஜ ரவுடிகள் நடமாடும் அந்த ஊரில், தானும் ரவுடிதான் என்று போலீஸ் ஜீப்பில் வலியப் போய் ஏறுகிறான் ஒருவன். சுற்றிலும் ஆபத்து இருப்பதால்தான் அவன் பந்தா நமக்குச் சிரிப்பைத் தருகிறது. அந்த வசனம் பிறகு 2015இல் விஜய் சேதுபதி படத்துக்கே தலைப்பானது.

'ரிட்டர்ன்ஸ்' படத்தையும் அதே சுராஜ்தான் இயக்கினார். ஆனால் இதில் நாய் சேகர் பணக்காரர்களின் நாய்களைக் கடத்துபவன், படத்தின் நாயகன். அவனைச் சுற்றி இருப்பவர்களும் கோமாளிகளே. எல்லாரும் கோமாளியானால் யாரைப் பார்த்துச் சிரிப்பது?

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டில் நகையை முதலில் வைக்கிறார். பிறரை எள்ளுவது, குழந்தைத்தனம், பேதைமை, மடமை ஆகிய நான்கும் நகைக்கு நிலைக்களன்கள் என்கிறார். வடிவேலுவின் பலம் பெரும்பாலும் பேதைமையில்தான் இருக்கிறது: தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொண்டு அடி வாங்குவது. கதாநாயகன் ஆனபின் கடைசியில் அவன் ஜெயித்தாக வேண்டும். அங்கே பேதைமைக்கு இடம் குறைந்துவிடுகிறது.

அப்படியானால் 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' எப்படி வென்றது என்று கேட்கலாம். அதிலும் வடிவேலுதானே நாயகன்? அங்கே சிம்புதேவன் இரட்டை வேடம் வைத்தார். உக்கிரபுத்தன் பொறுப்பைச் சுமந்துகொண்டான். புலிகேசி பெரும்பாலும் முட்டாளாகவே இருக்க முடிந்தது. இதன் தொடர்ச்சியாக அறிவிக்கப்பட்ட 24ஆம் புலிகேசி தகராறில் நின்றுபோனது வேறு கதை.

இன்னொரு காரணம் நம் பக்கம் இருக்கிறது. பழைய படத்தை நாம் முழுப் படமாக நினைவில் வைத்திருப்பதில்லை. ஆஸ்ட்ரோவிலும் கைத்தொலைபேசியிலும் திரும்பத் திரும்பப் பார்த்த ஐந்தாறு காட்சிகளையே வைத்திருக்கிறோம். 2001இல் வந்த 'பிரண்ட்ஸ்' படத்தின் நேசமணி, 2019இல் தலையில் விழுந்த ஒரு சுத்தியலுக்காக உலகம் முழுக்கப் பேசப்பட்டார். படத்தின் கதையைக் கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. ஆகப் புதுப் படம் மோதுவது பழைய படத்தோடு அல்ல, அதன் மிகச் சிறந்த பத்து நிமிடங்களோடு. இது நியாயமான போட்டி இல்லைதான்.

தொலைக்காட்சியில் கணக்கு தலைகீழ். 'குக்கு வித் கோமாளி'யின் முதல் சீசனைவிட இரண்டாவதைத்தான் நம் வீடுகளில் அதிகம் கொண்டாடினார்கள். வாராவாரம் வீட்டுக்கு வருகிறவர்கள் பழகப் பழக, புகழ் வாயைத் திறக்குமுன்பே சிரிப்பு வந்துவிடும். பழக்கம் படத்தின் சிரிப்பைக் கொல்கிறது, நிகழ்ச்சியின் சிரிப்பை வளர்க்கிறது. அதனால்தான் முகங்கள் மாறும்போது ரசிகர்கள் வீட்டில் ஆள் குறைந்ததுபோல் கோபப்படுகிறார்கள். 2024இல் சமையல் கலைஞர் வெங்கடேஷ் பட் வேறு தொலைக்காட்சிக்குப் போனபோது அதைப் பார்த்தோம்.

படத்தில் இதைத் தாண்டியவர்களும் உண்டு. சந்தானத்தின் 'டிடி ரிட்டர்ன்ஸ்' (2023) பழைய பாத்திரங்களைத் தூக்கி வரவில்லை. பேய் பங்களாவுக்குள் சிக்கியவர்கள் உயிர் பிழைக்க விளையாட்டு ஆட வேண்டும் என்று புதுச் சட்டம் போட்டது. பேயிடம் பயம் இருந்தது, அதனால் சிரிப்பும் இருந்தது. நம் நாட்டில் விமலா பெருமாள் இயக்கிய 'வெட்டிப் பசங்க' (2014), 'வெடிகுண்டு பசங்க' (2018) இரண்டும் தலைப்பில் ஒரு சொல்லை மட்டும் பகிர்ந்துகொண்டன. கதை வேறு வேறு. பெயரில் நம்பிக்கையைக் கொடுத்து, உள்ளே புதிதாகச் செய்வது என் பார்வையில் புத்திசாலித்தனம்.

இதெல்லாம் வெறும் சினிமாப் பேச்சு இல்லை. தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்து ஐந்து பேர் படம் பார்த்தால், டிக்கெட், பெட்ரோல், தீனி என்று நூறு வெள்ளி சாதாரணமாகக் கரையும். ஒருமுறை ஏமாந்த அப்பா, "டிவியில போடும்போது பாத்துக்கலாம்" என்கிறார். முதல் வாரம் கூட்டம் இல்லையென்றால் திரையரங்கு காட்சிகளைக் குறைத்துவிடும். தமிழகத்துப் பெரிய படம் அதைத் தாங்கும். அடுத்த மாதம் அதே அரங்கில் வர இருக்கும் உள்ளூர்ப் படத்துக்கு அந்த அப்பா ஒருவர் வராமல் போவதும் இழப்புதான்.