சின்னக் காரில் ஒரு வீணை

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில், கட்டிலுக்குக் கீழே வீணை ஒன்று பல வருடங்களாகக் கிடந்தது. அதை வாசித்த மகள் வெளிநாட்டில் குடியேறிவிட்டார். "கொண்டு போங்கோ, பிள்ளையள் ஆராவது படிக்கட்டும்" என்று அந்த அம்மா சொன்னபோது எமக்கு மகிழ்ச்சியோடு பயமும் வந்தது. கிளிநொச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒன்பது பிள்ளைகள் ஒரே வீணையில் மாறி மாறிப் பழகி வந்தார்கள். இன்னொரு வீணை அவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் அதைக் கொண்டுபோக எம்மிடம் இருந்தது பழைய மாருதி 800 கார் மட்டுமே.

பயத்துக்குக் காரணம் உண்டு. அவர்களின் முதலாவது வீணையையும் நாமே கொண்டுபோனோம். பெரிய வாகனம்தான் பாதுகாப்பு என்று எண்ணி, லொறியில் நெல் மூட்டைகளின் மேல் வைத்தோம். மழைக்குப் பயந்து பொலித்தீனால் இறுக்கிச் சுற்றினோம். மழை வரவில்லை, வெயில்தான் வந்தது. இறக்கிப் பார்த்தால் மெட்டுகள் விலகியிருந்தன. குடமும் தண்டியும் சேரும் இடத்தில் மெல்லிய வெடிப்பு. திருத்தி எடுக்க நான்கு மாதம் சென்றது. அதற்குள் இரண்டு பிள்ளைகள் வகுப்பை விட்டு நின்றுவிட்டார்கள். தவறு எம்முடையதே.

வீணை எங்கே பலவீனமானது?

வீணை பலாமரத்தால் ஆனது. ஒரே மரத்தில் குடைந்து எடுப்பது ஏகாந்த வீணை. குடம், தண்டி, யாளிமுகம் என்பவற்றைத் தனித்தனியே செய்து இணைப்பது ஒட்டு வீணை. ஒட்டு வீணையில் அந்த மூட்டுகளே பலவீனமான இடங்கள். 24 மெட்டுகளும் மெழுகில் பதிக்கப்பட்டவை. வெயிலில் மூடிக் கிடக்கும் வாகனத்தில் மெழுகு இளகும். மெட்டு சிறிது நகர்ந்தாலும் சுரம் பிழைக்கும். பிறகு 'மேளம் கட்ட'த் தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டும்.

முதலில் அளவு

எமது வீணையின் நீளம் 4 அடி 3 அங்குலம். காரின் வெளி அகலம் 1,440 மில்லிமீற்றர், அதாவது ஏறக்குறைய 4 அடி 9 அங்குலம். இரு கதவுகளின் தடிப்பையும் கழித்தால் பின் ஆசனத்தில் வீணையைக் குறுக்கே வைக்க முடியாது. கூரையின் மேல் கட்டினால் வெயிலும் குலுக்கமும். ஆகவே நெடுக்காக வைக்கத் தீர்மானித்தோம். நாம் செய்தது இதுதான்:

1. முன் இடது ஆசனத்தை முன்னுக்குத் தள்ளி, அதன் சாய்வைப் பின்னுக்குப் படுக்க வைத்தோம். இரண்டு ஆசனங்களுக்கும் இடையிலுள்ள பள்ளத்தைத் தலையணைகளால் நிரப்பினோம்.

2. சுரைக்காயைத் திருகிக் கழற்றி, துவாயில் சுற்றித் தனியே வைத்தோம்.

3. தந்திகள் ஏழையும் சிறிது மட்டும் தளர்த்தினோம். முழுதாகத் தளர்த்தக் கூடாது. குதிரையை இடத்தில் பிடித்து வைத்திருப்பது தந்திகளின் அழுத்தமே.

4. குடத்தைப் பின் ஆசனத்திலும் தண்டியைச் சாய்த்த ஆசனத்திலும் கிடத்தினோம். தூக்கும்போது ஒரு கை குடத்தின் கீழும் மறு கை தண்டியின் கீழும் இருக்க வேண்டும்.

5. கயிறு போடவில்லை. மேலே கட்டினால் தந்தியும் மெட்டும் அழுந்தும். குடத்தின் இரு பக்கமும் சுருட்டிய பழஞ்சேலைகளைச் செருகினோம். யாளிமுகத்துக்கு முன்னால் ஒரு தலையணை வைத்தோம்.

6. போர்த்தியது பருத்தித் துணியால். பொலித்தீன் வேண்டவே வேண்டாம்.

பயணம்

காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். ஓட்டுபவர் ஒருவர், அவருக்குப் பின்னால் குடத்தில் கை வைத்தபடி இன்னொருவர். வேறு எவருக்கும் இடமில்லை. ஏ-9 வீதியில் தொல்லை இருக்கவில்லை. கிராமத்துக்குத் திரும்பும் கிரவல் பாதையில்தான் கிடங்குகள். அங்கே நடக்கும் வேகத்தில் போனோம். தேநீர் குடிக்கவும் காரை நிறுத்தவில்லை. வெயில் ஏறுமுன் போய்ச் சேர வேண்டும் என்பதே எமது எண்ணம்.

வாசலில் பிள்ளைகள் காத்து நின்றார்கள். ஆசிரியை துணியை விலக்கி, மெட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, பிருடைகளை முறுக்கிச் சுருதி சேர்த்தார். மெட்டுகள் ஒன்றும் அசையவில்லை. வகுப்பை விட்டு நின்ற இருவரில் ஒரு பிள்ளை வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "உள்ளுக்கு வா பிள்ளை, இப்ப ரண்டு வீணை இருக்கு" என்றார் ஆசிரியை. அவள் வந்தாள்.

வாகனம் சிறிதா பெரிதா என்பது முக்கியமல்ல என்பதை நாம் கற்றுக்கொண்டோம். லொறியில் வீணையோடு ஒருவரும் இருக்கவில்லை. காரில் ஒரு கை எப்போதும் அதன்மேல் இருந்தது. உங்கள் ஊரிலும் கட்டிலுக்குக் கீழே ஒரு வாத்தியம் சும்மா கிடக்கலாம். கேட்டுப் பாருங்கள். எடுத்துச் செல்லுமுன் அளந்து பாருங்கள்.