தீயின் மேல் எழுந்த மாளிகைகள்

உரோமப் பேரரசின் செல்வர்கள் கோடையைக் கழிக்கக் கடற்கரையில் மாளிகை எழுப்பினர். அவர்கள் நாடிய ஊர்களுள் தலையாயது நேப்பிள்சு வளைகுடாவின் வடமேற்குக் கோடியிலுள்ள பாயே. சீசருக்கும் பொம்பேயசுக்கும் அங்கு மாளிகைகள் இருந்தன. பின்னர் அது பேரரசர்களின் உறைவிடமாயிற்று. இன்று அந்நகரின் தாழ்பகுதி கடலுக்கடியில் கிடக்கிறது. வண்ணக்கல் பதித்த தளங்களின் மேல் மீன்கள் மேய்கின்றன. கடல் பொங்கி ஊரை விழுங்கிற்று என எண்ணுவது எளிது. ஆனால் உண்மை வேறு. பாயேயை வாழ்வித்ததும் ஆழ்த்தியதும் நிலத்தடித் தீயே.

அவ்வூர் அமைந்திருப்பது பிளெக்ரே எரிகளம் எனப்படும் மாபெரும் எரிமலைக் குழிக்குள். ஏறத்தாழ 39,000 ஆண்டுகளுக்கு முன்னும் 15,000 ஆண்டுகளுக்கு முன்னும் நிகழ்ந்த பெருவெடிப்புகளால் நிலம் உள்வாங்கி அக்குழி உண்டாயிற்று. அதன் ஒரு பாதி கடலுக்குள் உள்ளது. அடியிலுள்ள வெப்பம் வெந்நீர் ஊற்றுகளாய் வெளிப்பட்டது. ஊற்றை நாடி மக்கள் வந்தனர். நீராடு கூடங்கள் எழுந்தன. 'மெர்க்குரி கோயில்' எனத் தவறாக வழங்கும் ஒரு கூடத்தின் குவிமாடம் 21 மீட்டருக்கு மேல் விட்டமுடையது. உரோமின் புகழ்பெற்ற பாந்தியன் குவிமாடத்திற்கும் அது மூத்தது.

கடலுக்குள்ளேயே சுவர் எழுப்பும் துணிவையும் அத்தீயே தந்தது. அண்டையிலுள்ள புத்தியோலித் துறைமுகத்தை அடுத்துக் கிடைத்த எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்தால் அக்கலவை நீருக்கடியிலும் இறுகும் என உரோமக் கட்டடக்கலைஞர் விட்ருவியசு எழுதினார். மரச்சட்டங்களைக் கடலில் இறக்கி, அவற்றுள் இக்கலவையையும் கற்றுண்டுகளையும் கொட்டினர். பாயே வளைகுடாவில் துளையிட்டெடுத்த கற்காரையை ஆய்ந்தோர் அதனுள் அலுமினியம் கலந்த தோபர்மோரைட்டு என்னும் அரிய படிகத்தைக் கண்டனர். இத்தகைய கற்காரையில் உப்புநீர் ஊறி எரிமலைக் கண்ணாடித் துகள்களைக் கரைக்க, நுண்துளைகளில் புதுப்படிகங்கள் வளர்கின்றன. நம் காலத்துக் கற்காரையில் பொதிந்த இரும்புக்கம்பியை அரிக்கும் அதே கடல்நீர், இதற்கு உரமாகிறது.

இம்மாளிகைகளின் பெருமிதம் மீன்குளங்கள். இலூக்குல்லசு என்பார் தம் குளத்திற்குக் கடல்நீர் கொணர மலையையே குடைந்தார். உரோம உடை தரித்த பாரசீக மன்னன் என அவரை அக்காலத்தார் எள்ளினர். துருசசின் மனைவி அந்தோனியா தாம் வளர்த்த அஞ்சாளை மீனுக்குக் காதணி பூட்டியதாக உரோம எழுத்தாளர் பிளினி குறித்துள்ளார். செல்வச் செருக்கு இதற்கு மேலும் போகுமா!

அறிவியலுக்குப் பயன்பட்டது காதணியன்று; மடையே. கடலையும் குளத்தையும் இணைக்கும் வாய்க்காலின் இருபுறமும் கல்லில் வரிப்பள்ளம் வெட்டி, துளையிட்ட பலகையை அதில் ஏற்றியிறக்கினர். துளை வழியே நீர் புகும், மீன் தப்பாது. பலகையின் மேல்விளிம்பு ஓதம் ஏறும் மட்டத்திற்கு மேல் நின்றாக வேண்டும். இக்கடலில் ஓத ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் இடையே அரை மீட்டர் வேறுபாடுகூட இல்லை. ஆகவே எஞ்சியுள்ள மடைகள் அக்காலக் கடல்மட்டத்தை நுட்பமாகக் காட்டுகின்றன. எரிமலை அசைவு மிகாத பிற கரைகளின் குளங்களை அளந்த ஓர் ஆய்வுக்குழு, ஏறத்தாழ 2,000 ஆண்டுகளில் கடல் 1.35 மீட்டர் உயர்ந்ததென 2004இல் கணித்தது. அரை மீட்டரளவே என்பாரும் உளர். எதைக் கொண்டாலும், ஏறத்தாழ 5 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் பாயேத் தளங்களுக்கு அது போதாது. எஞ்சிய தாழ்வு நிலத்தினுடையது.

அதற்குச் சான்று பொசுவோலி எனப் பெயர் மாறிய புத்தியோலியில் நிற்கிறது. 1750இல் தோண்டியெடுக்கப்பட்ட பழைய அங்காடியில் மூன்று பளிங்குத் தூண்கள் உள்ளன. அவற்றின் அடிப்பகுதி வழவழப்பானது. அதற்கு மேல் ஏறத்தாழ 7 மீட்டர் உயரம் வரையிலான பட்டையில் விரல் நுழையும் துளைகள் மண்டிக்கிடக்கின்றன. சுண்ணக்கல்லைத் தன் சுரப்பால் கரைத்துக் குடைந்து வாழும் ஒருவகைச் சிப்பியின் வேலை அது. அச்சிப்பி கடல்நீருக்குள் மட்டுமே வாழும். ஆக, நின்ற நிலையிலேயே அத்தூண்கள் கடலில் ஆழ்ந்து மீண்டும் எழுந்திருக்கின்றன. சார்லசு இலயல் 1830இல் வெளியிட்ட நிலவியல் நூலின் முகப்பில் இத்தூண்களையே படமாக வைத்தார். சிப்பியோடுகளின் அகவையை அளந்தபோது ஒருமுறையன்று, மும்முறை ஆழ்ந்தமை புலனாயிற்று.

நிலத்தடியில் கற்குழம்பும் அது வெளியிடும் வளிகளும் சூடேறிய நீரும் அழுத்தம் பெறுகையில் நிலம் உப்புகிறது. அழுத்தம் தணிகையில் தாழ்கிறது. 1538இல் அவ்வெழுச்சி வெடிப்பாக முடிந்து, ஒரு கிழமைக்குள் 'புதுமலை' என்னும் குன்று தோன்றியது. 1982 முதல் 1984 வரை பொசுவோலி ஏறத்தாழ 1.8 மீட்டர் உயர்ந்தது. பல்லாயிரவர் வீடு துறந்தனர்.

பாயேயில் மூழ்கிய கிளாடியசுப் பேரரசரின் விருந்துக்கூடம் 1980களின் தொடக்கத்தில் கடலடியில் அகழப்பட்டது. அதன் சிலைகள் பாயேக் கோட்டை அருங்காட்சியகத்தில் உள்ளன; நீருக்குள் நிற்பவை அவற்றின் நகல்கள். 2005 முதல் எரிகளத்தின் நிலம் மீண்டும் உயர்ந்துவருகிறது. பொசுவோலியில் எழுச்சி ஒரு மீட்டரைக் கடந்துவிட்டது. அவ்வூர்த் துறையில் நீரின் ஆழம் குறைந்ததால் மீன்படகுகள் சேற்றில் தரைதட்டுகின்றன.