குளிர்காலச் சைக்கிள் பயணமும் கோலார் தங்கவயலின் கேள்விகளும்

புது தில்லி: டிசம்பர், ஜனவரி மாதங்களின் ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுது விடியும் முன்பே பெங்களூரிலிருந்து சைக்கிள் குழுக்கள் கிழக்கு நோக்கிப் புறப்படுகின்றன. அவை சென்று திரும்பும் இடங்களில் ஒன்று கோலார் தங்கவயல். வார நாள்களின் அதே அதிகாலையில், தங்கவயலின் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில்களில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் பெங்களூருக்கு வேலை தேடிச் செல்கின்றனர்.

சுரங்கம் மூடப்பட்ட 2001-ஆம் ஆண்டிலிருந்து அந்த ஊரின் பிழைப்பு இந்த ரயில்களை நம்பியே உள்ளது. நகரத்தார் ஓய்வுக்காக வரும் திசைக்கு எதிர்த்திசையில் தங்கவயல்காரர்கள் உழைப்புக்காகச் செல்கின்றனர். சைக்கிளில் செல்வோர் வழியில் காணும் காட்சிகள் பலவும் மத்திய, மாநில அரசுகளின் முடிவுகளோடு தொடர்புடையவை.

200 கி.மீ. கணக்கு: மாலூர், டேக்கல், பங்காருபேட்டை வழியாகத் தங்கவயலுக்குப் போய்த் திரும்பினால் ஏறத்தாழ 200 கி.மீ. ஆகும். நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டத்தில் 'பிரெவே' எனப்படும் பயணங்களின் தொடக்கத் தொலைவும் இதுவே. 200 கி.மீ. தொலைவை பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இது பந்தயமல்ல, முதலிடம், பரிசு என்று எதுவும் இல்லை. பஞ்சர் ஆனால் ஓட்டுபவரே ஒட்டிக்கொள்ள வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை நடைபெறும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் 1,200 கி.மீ. பயணத்துக்குத் தகுதி பெற விரும்புவோருக்கு இதுவே முதல் படி.

கோலார் பீடபூமி கடல் மட்டத்திலிருந்து 2,800 அடி உயரத்தை ஒட்டியிருப்பதால் குளிர்காலக் காலைகள் சைக்கிள் மிதிக்க ஏற்றவை. ஆனால் மூடுபனியில் விளக்கும் ஒளிர்பட்டையும் இல்லாத சைக்கிள், பின்னால் வரும் லாரி ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாது.

வழியில் காண்பவை: மாலூரைச் சுற்றிலும் செங்கல் சூளைகளும் ஓட்டுத் தொழிற்கூடங்களும் உள்ளன. அவற்றைக் கடந்தால் தைலமரத் தோப்புகள். நிலத்தடி நீரை உறிஞ்சுகின்றன என்ற புகாரைத் தொடர்ந்து, 2017-இல் புதிய தைலமரச் சாகுபடிக்குக் கர்நாடக அரசு தடை விதித்தது. ஆயிரம் அடிக்கு மேல் துளைத்தும் தண்ணீர் கிடைக்காத ஆழ்துளைக் கிணறுகள் இம்மாவட்டத்தில் ஏராளம்.

பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்து கோலார் ஏரிகளில் நிரப்பும் திட்டம் 2018-இல் செயல்பாட்டுக்கு வந்தது. அதன் பிறகு பல ஏரிகளில் தண்ணீர் தெரிகிறது. இரண்டாம் நிலை சுத்திகரிப்பு மட்டும் போதுமா என்ற விவசாயிகளின் கேள்வியும் தொடர்கிறது.

குளிர்காலம் கேழ்வரகு அறுவடைக் காலமும் கூட. களம் இல்லாத விவசாயிகள் கதிர்களைத் தார்ச்சாலையில் பரப்பி, வாகனச் சக்கரங்கள் ஏறி மணி உதிரும்படி விடுகின்றனர். இரு சக்கர வாகனங்கள் வழுக்கி விழ இதுவே காரணமாகிறது. கதிரடிக்கும் களம் அமைத்துத் தருவது பெரும் செலவு பிடிக்கும் வேலையல்ல.

தங்கவயலை ஒட்டியுள்ள பேத்தமங்கலம் ஏரி, பாலாற்றின் நீரைத் தேக்கி வைத்துள்ளது. சுரங்கக் குடியிருப்புகளின் தாகம் தீர்த்தது இந்த ஏரிதான். வேலூர், ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் மாவட்டத்தார் வறண்ட மணலாகக் காணும் பாலாறு, இங்கே நீராகத் தெரிகிறது. 1892-ஆம் ஆண்டின் சென்னை - மைசூர் ஒப்பந்தம் பேசப்படும்போதெல்லாம் இந்த ஆற்றின் பெயரும் அடிபடுகிறது.

சாலை யாருக்கு?: இதே பகுதியை ஊடுருவிச் செல்கிறது பெங்களூரு - சென்னை விரைவுச் சாலை. கர்நாடகத்தில் அமைந்த 71 கி.மீ. பகுதி 2024 டிசம்பரில் போக்குவரத்துக்குத் திறந்துவிடப்பட்டது. இத்தகைய விரைவுச் சாலைகளில் சைக்கிளுக்கு இடமில்லை. பெங்களூரு - மைசூரு நெடுஞ்சாலையின் பிரதானப் பாதையிலும் 2023 ஆகஸ்ட் 1 முதல் இரு சக்கர வாகனங்கள், ஆட்டோ, டிராக்டர், மோட்டார் பொருத்தாத வண்டிகள் ஆகியவை தடை செய்யப்பட்டன.

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வாகனங்கள் பறக்கும் சாலையில் சைக்கிள் கூடாது என்பதில் நியாயம் உண்டு. அப்படியானால் சைக்கிளுக்கு எந்தப் பாதை என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 4,800-க்கும் மேற்பட்டோர் சைக்கிளில் சென்றவர்கள். இவர்களில் பெரும்பாலோர் விலையுயர்ந்த சைக்கிளும் தலைக்கவசமும் கொண்ட குழுவினர் அல்லர். வேலைக்கும் பள்ளிக்கும் சென்றவர்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் 44.8 சதவீத வீடுகளில் சைக்கிள் இருந்தது. 2025 செப்டம்பரில் சைக்கிள் மீதான சரக்கு, சேவை வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வாங்குவதற்குச் சலுகை கிடைத்துவிட்டது. ஓட்டுவதற்குப் பாதை கிடைக்கவில்லை.

சயனைடு மலைகள்: தங்கவயலை நெருங்கும்போது மரமில்லாத வெளிர்நிற மேடுகள் எழுகின்றன. தங்கம் பிரித்த பின் கொட்டப்பட்ட மண் அது. பிரித்தெடுக்கப் பயன்பட்ட வேதிப்பொருளின் பெயரால் மக்கள் அவற்றை சயனைடு மலைகள் என்கின்றனர். 'கே.ஜி.எஃப்.', 'தங்கலான்' திரைப்படங்களுக்குப் பிறகு வெளியூர்க்காரர்கள் இவ்வூரைத் தேடி வருகின்றனர். அவர்களுக்கு இவை படமெடுக்கும் இடம். காற்றடிக்கும் காலத்தில் வீட்டுக்குள் புழுதி வந்து படியும் உள்ளூர்க்காரர்களுக்கு இவை அன்றாடத் தொல்லை.

1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய சுரங்கப் பணிக்கு வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த தலித் தமிழர்களே முதுகெலும்பாக இருந்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ. ஆழத்தையும் தாண்டியது. 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து இங்கே மின்சாரம் வந்தது. 1946 நவம்பர் 4-ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் 6 பேர் உயிரிழந்தனர். கம்யூனிஸ்ட், குடியரசுக் கட்சி, அ.தி.மு.க. என்று பல கொடிகளையும் சட்டப்பேரவைக்கு அனுப்பிய தொகுதி இது.

1956-இல் மாநில அரசிடமும் 1962-இல் மத்திய அரசிடமும் வந்த சுரங்கங்கள், 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டன. உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோர உச்ச நீதிமன்றம் 2013-இல் அனுமதி அளித்தது. 2024 ஜூன் மாதம், சுமார் 1,003 ஏக்கரில் உள்ள 13 மண்மேடுகளிலிருந்து மீண்டும் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை இசைவு தெரிவித்தது.

மேடுகளைக் கிளறும்போது எழும் புழுதிக்கு என்ன பாதுகாப்பு, வேலைவாய்ப்பில் முன்னாள் தொழிலாளர் குடும்பங்களுக்கு என்ன பங்கு, குடியிருப்புகளின் உரிமை என்னவாகும் என்பவை நாடாளுமன்றத்தில் கேட்டுப் பெற வேண்டிய பதில்கள்.

குழுக்களின் பொறுப்பு: 1894-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 'கிளாரியன்' சைக்கிள் சங்கம் தொடங்கப்பட்டது. அதன் உறுப்பினர்கள் ஞாயிறுதோறும் கிராமங்களுக்குச் சென்று சோஷலிசப் பத்திரிகைகளை விநியோகித்தனர். புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக் கொடுத்தது. சைக்கிள் என்பது பொழுதுபோக்கோடு நின்றுவிட வேண்டியதில்லை என்பதற்கு இவை சான்றுகள்.

பெங்களூரின் சைக்கிள் குழுக்களில் பொறியாளர்களும் அதிகாரிகளும் வழக்கறிஞர்களும் உள்ளனர். தனிப்பாதை வேண்டும் என்று அவர்கள் கேட்டால் அரசின் காதில் விழும். அந்தக் கோரிக்கை நகர எல்லையோடு நின்றுவிடாமல், மாலூர் சூளைத் தொழிலாளிக்கும் பேத்தமங்கலம் பள்ளி மாணவிக்கும் சேர்த்து எழுப்பப்பட வேண்டும். விரைவுச் சாலையின் இருபுறமும் தொடர்ச்சியான சேவைச் சாலை, ஊர்களின் குறுக்கே பாதுகாப்பான சுரங்கப்பாதை, வெளிச்சம் ஆகியவை போதும்.

கோலார் தொகுதி 1991 முதல் 2019 வரை ஒரே உறுப்பினரை மக்களவைக்கு அனுப்பியது. அதன் பின் இருமுறை கட்சி மாறியது. கொடி மாறியும் விடியற்காலை ரயிலின் நெரிசல் மாறவில்லை. தங்கவயலில் வேலை இருந்தால்தான் அது குறையும்.