80 அடிப் புத்தரும் 1949ஆம் ஆண்டுச் சட்டமும்

புத்தகயாவுக்குச் செல்வோர் பலரும் முதலில் ஒளிப்படம் எடுத்துக்கொள்வது, தாமரைப் பீடத்தில் தியான நிலையில் அமர்ந்திருக்கும் 80 அடிப் புத்தர் சிலையின் முன்புதான். ஜப்பானின் டைஜோக்யோ பௌத்த அமைப்பு எழுப்பிய இச்சிலை 1989 நவம்பரில் தலாய் லாமாவின் முன்னிலையில் திறக்கப்பட்டது. அதைச் சூழ்ந்து பத்துச் சீடர்களின் சிலைகள் நிற்கின்றன. எங்கள் குழுவிலிருந்த சட்ட மாணவர்கள் பெரிய சிலையை விட்டுவிட்டு, அப்பதின்மருள் உபாலி யார் என்று தேடத் தொடங்கினர். உபாலி நாவிதர். சாக்கிய இளவரசர்கள் துறவேற்க வந்தபோது அவருக்கே முதலில் துறவு அளிக்கப்பட்டது என்றும், ஆகவே இளவரசர்கள் அவரை வணங்க வேண்டியதாயிற்று என்றும் பௌத்த மரபு கூறுகிறது.

மறுநாள் ராஜ்கிர் சென்றோம். ஒருவர் மட்டுமே அமரக்கூடிய இருக்கைகள் கொண்ட கம்பிவட ஊர்தி ரத்னகிரி மலையுச்சிக்கு ஏற்றிச் செல்கிறது. மேலே 1969இல் திறக்கப்பட்ட உலக அமைதித் தூபியும், அதை அமைத்த ஜப்பானியத் துறவியரின் மடாலயமும் உள்ளன. ராஜ்கிரைச் சூழ்ந்த மலைகளுள் இன்னொன்றான வைபாரகிரியில் உள்ள சப்தபர்ணிக் குகையில்தான் முதல் பௌத்தப் பேரவை கூடியது என்பது மரபு. சங்கத்தின் ஒழுங்கு விதிகளான விநயத்தை அங்கே ஓதி உறுதிசெய்தவர் உபாலி. சங்கத்தின் சட்டத்திற்கு அதிகாரபூர்வமான வாய் ஒரு நாவிதருடையது.

சிலையும் மலை மடாலயமும் பௌத்தர்கள் எழுப்பியவை. ஆனால், உலகப் பௌத்தர்களை அங்கு வரவழைக்கும் மகாபோதி ஆலயத்தின் நிர்வாகம் யாரிடம் உள்ளது?

1949ஆம் ஆண்டின் புத்தகயா ஆலயச் சட்டம், 3ஆவது பிரிவில் விடை தருகிறது. மாநில அரசு நியமிக்கும் எட்டு உறுப்பினர்களுள் நால்வர் பௌத்தர், நால்வர் இந்துக்கள். இந்நால்வருள் ஒருவர் அங்குள்ள சைவ மடத்தின் மகந்து. தலைவர், கயா மாவட்ட ஆட்சியர். ஆட்சியர் இந்து அல்லாதவராயின் அக்காலத்திற்கு இந்து ஒருவரைத் தலைவராக நியமிக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. அது 2013இல்தான் நீக்கப்பட்டது. ஆக, பௌத்தர்களின் தலையாய புனிதத் தலத்தில் அவர்களுக்குப் பெரும்பான்மை உறுதியில்லை.

தமிழ்நாட்டோடு ஒப்பிட்டால் முரண் தெளிவாகும். 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டப்படி, ஆணையர் முதலான அலுவலர்கள் இந்து சமயத்தைப் பின்பற்றுவோராக இருத்தல் கட்டாயம். 1925ஆம் ஆண்டின் குருத்வாராச் சட்டப்படி, சீக்கியர்களே வாக்களித்துத் தங்கள் நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கின்றனர். பௌத்தர்களுக்கு மட்டும் பாதி இடம், அதுவும் நியமனம்.

வழக்கு புதிதன்று. 1895இல் அநகாரிக தர்மபாலர், ஜப்பானிலிருந்து வந்த புத்தர் படிமத்தை ஆலயத்தின் மேல்தளத்தில் வைத்தார். மகந்துவின் ஆட்கள் அகற்றினர். கீழ் நீதிமன்றம் அவர்களைத் தண்டித்தது; கல்கத்தா உயர் நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது. 2025 பிப்ரவரி 12 முதல் பிக்குகள் புத்தகயாவில் உண்ணாநிலைப் போராட்டம் நடத்தினர். அவ்வாண்டு ஜூன் 30 அன்று, சட்டத்தை எதிர்க்கும் மனுவொன்றை ஏற்க மறுத்த உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றத்தை அணுகுமாறு கூறியது.

இங்கே நம் வாதத்தின் வலுவையும் பலவீனத்தையும் ஒளிக்காமல் பேச வேண்டும். அரசமைப்பின் 26ஆவது உறுப்பு, சமயப் பிரிவினர் தம் சமய விவகாரங்களையும் சொத்துகளையும் நிர்வகிக்கும் உரிமையை வழங்குகிறது. அவ்வுரிமையை முற்றாகப் பறித்து வேறோர் அதிகாரத்திடம் ஒப்படைக்கும் சட்டம் செல்லாது என்று ரதிலால் காந்தி வழக்கில் 1954இல் உச்ச நீதிமன்றம் கூறியது. எதிர்த்தரப்போ, ஆலயம் 1949க்கு முன் மகந்துவின் வசமே இருந்தது, சட்டம் பௌத்தர்களுக்குப் பங்கைக் கொடுத்ததேயன்றிப் பறிக்கவில்லை என்று வாதிடும். இதற்கு முழக்கம் விடையாகாது. அனுபோகத்தைக் கொண்டு மட்டும் ஒரு வழிபாட்டுத் தலத்தின் உரிமையை முடிவு செய்யலாமா என்பதை ஆவணங்களோடு எதிர்கொள்ள வேண்டும். 25ஆவது உறுப்பின் விளக்கத்தைக் காட்டி 'பௌத்தரும் இந்துக்களே' என்போருக்கு விடை எளிது: அவ்விளக்கம் சமூக நலன், சீர்திருத்தம், ஆலயத் திறப்பு பற்றிய 2(ஆ) உட்பிரிவுக்கு மட்டுமே உரியது.

நீதிமன்றம் ஒன்றே வழியுமன்று. 2013இல் ஒரு விதியை நீக்கிய பீகார் சட்டமன்றத்தால் 3ஆவது பிரிவையே திருத்த இயலும். அத்திருத்தத்தின் வாசகத்தை இயக்கமே எழுதி முன்வைக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. எழுதும்போது, மலையிறங்கும் வழியில் மாணவி ஒருவர் கேட்ட கேள்வியைத் தவிர்க்க முடியாது: ஒன்பது இடங்களும் பௌத்தர்களுக்கே கிடைத்தாலும், 1956இல் அம்பேத்கருடன் பௌத்தம் தழுவியோரின் வழிவந்தவர்களுக்கு அதில் எத்தனை இடம்? பெண்களுக்கு எத்தனை? இன்றைய சட்டத்தில் இவ்விரண்டுக்கும் ஒரு சொல்லும் இல்லை.