இருட்டில் இயங்கிய பலகைக் கணினி

திருகோணமலையிலிருந்து நிலாவெளியைக் கடந்து புல்மோட்டை வீதியில் வடக்கே செல்பவர்கள் இறக்கக்கண்டிப் பாலத்தை அறிவார்கள். ஒரு புறம் களப்பு, மறு புறம் கடல். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில், மண்ணெண்ணெயின்றித் தோணிகள் கரையிலே கிடந்த நாட்களில், அந்தக் களப்பருகே ஒரு வீட்டுத் திண்ணையில் நாமும் எமது பழைய மாணவன் ஒருவனும் பட்ட பாட்டை இங்கே கூற விரும்புகிறோம்.

பையன் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்திருந்தான். பெறுபேறு வரும்வரை தோணியில் ஏறட்டும் என்பது அவனுடைய வாப்பாவின் தீர்மானம். அவனுக்கோ வேறொரு பித்து. நெத்தலியையும் சூடைக்குஞ்சையும் படத்தைக் கண்டே பிரித்தறியும் ஒரு கணினியை ஆக்கிவிட வேண்டும்! ஆயிரம் படங்கள் கைவசம் இருந்தன. கணினிதான் இல்லை. எம்மிடமிருந்த ராஸ்ப்பெரி பை ஒன்றை எடுத்துச் சென்றோம்.

இது அடையாள அட்டை அளவேயான ஒற்றைப் பலகைக் கணினி. கணினியியல் பயில வரும் மாணவர் தொகை குறைந்து வருவதைக் கண்டு கவலையுற்ற கேம்பிரிட்ஜ்க்காரர் சிலர், எபன் அப்டன் என்பவரை முதன்மையாகக் கொண்டு ஆக்கியது. முதற் பலகை 2012 பெப்ரவரி 29ஆந் திகதி விற்பனைக்கு வந்தது. எம்மிடமிருந்தது 2016இல் வெளிவந்த மூன்றாவது வகை. நான்கு கணிப்புக் கருக்கள். நினைவகமோ ஒரு கிகாபைட்டுதான்.

படங்களைக் கண்டு கற்கும் வேலைக்கு ஓப்பன்சீவி என்னும் நிரல் நூலகம் தேவை. இன்டெல் நிறுவனத்தில் 1999இல் தொடங்கப்பெற்றது. மூலநிரல் யாவருக்கும் இலவசம். மூலநிரல் என்பது மனிதர் எழுதி மனிதர் வாசிக்கக் கூடியது. அதை இயந்திரத்தின் மொழிக்கு மாற்றுவதையே தொகுத்தல் என்கிறோம். இடியப்பத்துக்குக் கடையில் வறுத்த மா வாங்கலாம். வீட்டிலே அரிசியை ஊறவைத்து, இடித்து, அரித்து, வறுக்கவுஞ் செய்யலாம். கடை மாவைப் போல ஆயத்தமாகக் கிடைக்கும் நூலகம் பல வகைப் பலகைகளுக்கும் பொதுவானது. எமது பலகையின் சில்லிலே, பதினாறு சிறிய எண்களை ஒரே கட்டளையிற் கையாளும் நியோன் என்னும் பகுதி உண்டு. அதன் பயனை முழுதும் பெற வேண்டின் நாமே இடித்துக்கொள்வதுதான் வழி.

நான்கு கருக்களையும் ஒருங்கே ஏவினோம். ஒரு சிறிய அடுப்பைச் சுற்றி நான்கு சமையற்காரர் நின்றால் என்னாகும்? சதவீதம் ஏறிக்கொண்டே வந்து, திடீரென நின்றது. நினைவகம் நிரம்பவே, இயங்குதளம் தொகுப்பியைக் "கொன்றுவிட்டதாக" அறிவித்தது. (கணினிக்காரர் இப்படித்தான் பேசுவார்கள், அஞ்ச வேண்டியதில்லை.) நினைவகத்துக்குத் துணையாகச் சேமிப்பட்டையில் ஒதுக்கியிருந்த 100 மெகாபைட் இடத்தை 2048 ஆக்கினோம். சமையற்காரரையும் ஒருவராகக் குறைத்தோம். வேலை மெல்ல நகர்ந்தது.

அப்பொழுதுதான் மின்சாரம் நின்றது.

மார்ச் 31ஆந் திகதி நாட்டில் 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டிருந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எமக்கு இருட்டைவிடச் சேமிப்பட்டையைப் பற்றியே கவலை. எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் போனால் அது பழுதாகலாம். அன்றைய விலையில் இன்னொன்று வாங்க எம்மால் இயலாது. பையனின் ஆயிரம் படங்களும் அதிலேயே இருந்தன. பிரதி எடுத்து வைக்கவில்லை. குற்றம் எம்முடையது.

நல்ல வேளை, அட்டை பிழைத்தது. தொகுப்பு வேலையை நடத்துவது மேக் என்னும் பழைய கருவி. 1976இல் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் ஆக்கியது. கோப்புகளின் நேரத்தை ஒப்பிட்டு, முடிந்ததை விட்டு எஞ்சியதை மட்டும் அது செய்யும். ஆகையால் மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என மகிழ்ந்தோம். ஆனால் இந்தப் பலகையிலே கடிகாரம் இல்லை! இணையம் கிடைத்தால் நேரம் கேட்டறியும். இல்லாவிடில், கடைசியாகக் குறித்துவைத்த நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். சற்று முன் முடித்த கோப்புகள் நாளைய கோப்புகளைப் போலத் தோன்றவே, நேரம் பிறழ்ந்துள்ளது, வேலை முழுமையாகாதிருக்கலாம் என எச்சரித்தது. எமது கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைத் திருத்தினோம்.

இவ்வாறு இரண்டு நாள். இதையெல்லாம் வாசலில் வலை பொத்திக்கொண்டே பார்த்திருந்த வாப்பா மூன்றாம் நாள் எழுந்து போய், தோணியின் விளக்குப் பற்றறியைத் தூக்கி வந்து வைத்தார். "சும்மாதானே கிடக்குது சேர்" என்றார். அதனை ஐந்து வோல்ற்றுக்கு இறக்கிப் பலகைக்குக் கொடுத்தோம். அன்றிரவு ஊரே இருண்டிருக்க, எமது சதவீதம் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

முடியும் தறுவாயில் இன்னொரு தடை. முதல் மின்வெட்டின்போது பாதியில் நின்ற மூன்று கோப்புகள் பெயரளவில் இருந்தன, உள்ளே ஒன்றுமில்லை. நேரத்தை மட்டும் பார்க்கும் மேக் அவற்றை முடிந்தவையாகவே கருதியிருந்தது. பையனே அவற்றைக் கண்டுபிடித்து அழித்தான். மறுபடி ஏவினோம். விடியற்காலையில் நூறு சதவீதம்.

படங்களைக் காட்டிக் கற்பித்தோம். புதிய படங்களில் பெரும்பாலானவற்றைச் சரியாகச் சொன்ன கணினி, சில சூடைக்குஞ்சுகளை நெத்தலி என்றது. வாப்பா குனிந்து திரையை நோக்கினார். "உடம்பைப் பார்த்து ஏமாறுது. வாயைப் பார்க்கச் சொல்லு மகன். நெத்தலிக்கு மூக்கு முன்னுக்கு நீண்டு, வாய் கீழே கிடக்கும்" என்றார். மீனியலாரும் அதைத்தான் கூறுவர். பையன் ஒன்றும் பேசாமல், ஆயிரம் படங்களிலும் தலைப்பகுதியை மட்டும் வெட்டியெடுக்கத் தொடங்கினான்.

நூற்றியிருபதாவது படத்தில் இருந்தபோது வாப்பா மீண்டும் வந்தார். "மண்ணெண்ணெய் கொஞ்சம் கிடைச்சிருக்கு சேர். பற்றறியைக் கழற்றுங்கள்" என்றார்.

முறைப்படி பலகையை நிறுத்திய பின்னரே கழற்றினோம்.