பேபி ஆஸ்டினுக்கு ஒரு பிறப்புச் சான்று

தார்ப்பாயைத் தூக்கியதும் முதலில் வெளியே வந்தது ஒரு கோழி. அதற்குப் பிறகுதான் கார் கண்ணில் பட்டது. பெருங்கடவிளையில் பெரியப்பா வீட்டு ரப்பர் ஷீட் கொட்டகையின் ஓரத்தில், நான்கு செங்கல் அடுக்குகள் மேல் சக்கரம் தரையில் படாமல் நின்றிருந்தது அது. 1936ஆம் வருடத்து ஆஸ்டின் செவன். அந்தக் காலத் தமிழர்கள் செல்லமாகச் சொன்ன பேபி ஆஸ்டின்.

தாத்தா இதைப் புதிதாக வாங்கவில்லை. சுதந்திரத்துக்குப் பின் ஊருக்குக் கிளம்பிய ஒரு தோட்டத் துரை கை மாற்றிவிட்டுப் போனது. எழுபத்தெட்டு வயதாகும் பெரியப்பா, பழைய இரும்பு வாங்குகிறவர்களுக்குச் சொல்லும் பதில் ஒன்றுதான்: “இது விக்கதுக்கு இல்ல மக்களே.” மும்பையிலிருந்து விசாரித்தவருக்கும் அதே பதில். விற்பதில்லை என்ற முடிவு எளிது. வைத்துக்கொள்வதுதான் பெரும்பாடு என்பது எனக்கு இந்த முறை போனபோதுதான் புரிந்தது.

சொல்லிலேயே தொடங்குகிறது சிக்கல். ‘வின்டேஜ்’ என்பது திராட்சை அறுவடையையும் அதிலிருந்து பிழிந்த மதுவின் ஆண்டையும் குறிக்க வந்த சொல். மொழிபெயர்ப்பில் பிழைப்பு நடத்தும் எனக்கு இதற்கு இணையான தமிழ்ச் சொல் இன்றுவரை அகப்படவில்லை. ‘தொன்மைக் கார்’ என்றால் சங்க காலத்துத் தேர் நினைவுக்கு வருகிறது. ‘பழைய வண்டி’ என்றால் எடைக்குப் போடும் சரக்கு என்று பொருளாகிவிடுகிறது. பிரிட்டனில் 1934இல் தொடங்கிய வின்டேஜ் கார் கிளப் ஒரு கறாரான கோடு போட்டது: 1930 முடிவதற்குள் தயாரானால்தான் வின்டேஜ். சர்வதேசக் கூட்டமைப்பு 1904 வரை, 1918 வரை, 1930 வரை, 1945 வரை என்று வகுப்பு பிரிக்கிறது. அந்தக் கணக்கில் பெரியப்பாவின் வண்டி வின்டேஜுக்குப் பிந்தைய வகுப்பு. இந்தியச் சட்டத்துக்கு இந்த நுணுக்கமெல்லாம் கிடையாது. ஐம்பது வயது தாண்டியிருந்தால் போதும்.

பேபி ஆஸ்டின் சாதாரண வண்டியல்ல. 1922 முதல் 1939 வரை ஏறத்தாழ 2,90,000 வண்டிகள் தயாராயின. 747 சி.சி. எஞ்சின், இன்றைய மோட்டார் சைக்கிள் சிலவற்றைவிடச் சிறியது. ஜெர்மனியில் இதே வண்டியை உரிமம் பெற்று ‘டிக்ஸி’ என்ற பெயரில் செய்துகொண்டிருந்த தொழிற்சாலையை 1928இல் வாங்கித்தான் பி.எம்.டபிள்யூ. கார் தொழிலுக்குள் நுழைந்தது. பி.எம்.டபிள்யூ. வைத்திருக்கும் என் நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் அவ்வளவாக ரசிக்கவில்லை.

இந்த ஊருக்குக் கார் அந்நியமும் அல்ல. திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி போகும் சாலைதான் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் மோட்டார் வரலாற்றுக்கு முதுகெலும்பு. 1938 பிப்ரவரி 20ஆம் தேதி சமஸ்தானம் அரசு பஸ் சேவையைத் தொடங்கியபோது, லண்டன் போக்குவரத்துத் துறையிலிருந்து வரவழைக்கப்பட்ட சால்ட்டர் என்ற ஆங்கிலேயர் முதல் பஸ்ஸைத் தானே ஓட்டினார். உள்ளே பயணிகளாக உட்கார்ந்திருந்தவர்கள் மகாராஜா சித்திரைத் திருநாளும் குடும்பத்தாரும். இங்கிலாந்திலிருந்து வந்தது காமர் சேசிஸும் பெர்கின்ஸ் டீசல் எஞ்சினும்தான். பஸ்ஸின் உடம்பு உள்ளூர்த் தொழிலாளர்கள் செய்தது. அப்போது அந்தச் சாலை முழுக்க ஒரே ராஜ்யம். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடும் கல்குளமும் அகஸ்தீஸ்வரமும் தோவாளையும் சென்னை மாநிலத்துக்குப் போக, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. தாத்தாவின் கார், நின்ற இடத்தில் நின்றபடியே எல்லையோர வாகனமாகியது.

வண்டியைக் கிளப்புவது ஒரு சடங்கு. முன்னால் ஹேண்டிலைச் செருகிக் கையால் சுற்ற வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறிந்துவிடும். அதனால் கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடித்து, கீழிருந்து மேலாக இழுக்க வேண்டும். பெரியப்பா பதினைந்து வயதில் இதைக் கற்றுக்கொண்டது, கை வீங்கிய பிறகு. பிரேக் முழுக்கக் கம்பியும் கேபிளும்தான். எண்ணெய் அழுத்தம் கிடையாது. இறக்கத்தில் பிரேக்கை நம்புகிறவன் முட்டாள், கியரை நம்ப வேண்டும் என்பது அவர் பாடம். இன்னும் பழைய வண்டிகளில் வேடிக்கை அதிகம். ஃபோர்டு மாடல்-டி காரில் பெட்ரோல் தானாக வடிந்துதான் எஞ்சினுக்குப் போகும். டேங்கில் எண்ணெய் குறைவாக இருக்கும்போது செங்குத்தான ஏற்றம் வந்தால் வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றுவார்கள்.

இத்தனை கார்கள் வந்த நாட்டில் மிஞ்சியவை ஏன் சொற்பம்? ஃபோர்டு 1926 வாக்கில் இந்தியக் கம்பெனி தொடங்கி, சென்னை உட்படத் துறைமுக நகரங்களில் வண்டிகளைப் பூட்டி விற்றது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயில் கடை விரித்தது. சென்னையின் சிம்ப்சன் கம்பெனி 1903லேயே நீராவிக் கார் ஒன்றைச் செய்து பார்த்தது. பிறகு யுத்தம் வந்தது. பெட்ரோலுக்கு ரேஷன், பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பு கட்டி ஓட்டிய காலம். யுத்தம் முடிந்ததும் இறக்குமதிக்குக் கதவடைப்பு. உதிரி பாகம் இல்லாத வண்டியின் உடம்பை அறுத்துவிட்டுச் சரக்கு வண்டியாக்கினார்கள். பலவற்றின் எஞ்சின் தண்ணீர் இறைக்கப் போனது. 1971இல் மன்னர் மானியம் ஒழிந்தபோது அரண்மனைகள் விற்ற வண்டிகள், அரசு விழித்துக்கொண்டு ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துவதற்குள் கப்பலேறின. மிஞ்சியதைக் காப்பாற்றியவர்கள் கிளப்காரர்கள்தான்.

டெல்லியில் ஸ்டேட்ஸ்மேன் பத்திரிகை 1964இல் தொடங்கிய பழங்கார் ஓட்டம், 1968இல் கல்கத்தாவுக்கும் வந்தது. மும்பை, சென்னை என்று கிளப்புகள் முளைத்தன. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவின் குடும்பத்தார் அவிநாசி சாலையில் 2015இல் திறந்த ஜிடி கார் அருங்காட்சியகம், தென்னகத்தில் நான் பார்த்தவற்றில் சிறந்தது. 1886ஆம் வருடத்து பென்ஸ் மூன்று சக்கர வண்டியின் மறுபதிப்பு அங்கே இருக்கிறது. சென்னை வடபழனியில் ஏவி.எம். வளாகத்தில் 2023இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் சினிமாக் கருவிகளுக்குப் பக்கத்தில் பழைய கார்கள் நிற்கின்றன. எங்கள் பக்கத்தில் பெயர் பெற்றது கவடியார் அரண்மனையின் மெர்சிடிஸ் பென்ஸ் 180டி. 2013இல் மறைந்த உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா பல லட்சம் மைல் ஓட்டியதாகச் சொன்ன கார். ஆனால் அது 1950களில் வந்தது. பேபி ஆஸ்டினுக்கு முன்னால் அது சின்னப் பிள்ளை.

கிளப் என்றால் தொப்பியும் கோப்பையும் என்று நானும் நினைத்திருந்தேன். உண்மையான வேலை தொலைபேசியில் நடக்கிறது. எந்த ஊர் லேத்தில் பழைய ஒயிட் மெட்டல் பேரிங்கை உருக்கி ஊற்றி, கையால் சுரண்டிப் பொருத்தத் தெரியும்? ஆறு வோல்ட் பல்பு யாரிடம் இருக்கிறது? இதற்கெல்லாம் விடை தெரிந்தவர்கள் நாடு முழுக்கச் சில நூறு பேர் இருப்பார்களோ என்னவோ. ஆஸ்டின் செவனுக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம்: இங்கிலாந்தில் இதற்கென்றே கிளப்புகள் இருப்பதால் பல பாகங்கள் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. ராஜாக்களின் ரோல்ஸ்ராய்ஸை விட எங்கள் ஏழைக் காருக்கு போல்ட் நட்டு சுலபமாகக் கிடைக்கும்.

கிளப்காரர்கள்மீது எனக்கொரு மனத்தாங்கலும் உண்டு. பளபளப்பு மோகம். கம்பெனியிலிருந்து வந்த நாளில்கூட அப்படி மின்னியிராத வண்டிகளை ஊர்வலத்தில் பார்க்கிறோம். அசல் சீட்டுத் துணியைக் கிழித்தெறிந்து வெள்ளை ரெக்சின் தைத்திருப்பார்கள். வெளிநாட்டுப் போட்டிகளில் இப்போது தொடாத பெயின்டுக்கும் கிழிந்த தோலுக்கும் தனி மரியாதை. ஒரு காரை எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம். அசலாக ஒரே ஒரு முறைதான் இருக்க முடியும். பெரியப்பாவிடம் பணமில்லாதது வண்டிக்கு நல்லதாகப் போயிற்று.

2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள் இந்த வண்டிகளுக்கு முதல்முறையாகத் தனி அடையாளம் தந்தன. முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த, சேசிஸும் உடம்பும் எஞ்சினும் பெரிதாக மாற்றப்படாத இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள் ‘வின்டேஜ்’. மாநிலக் குறியீட்டுக்குப் பின் ‘விஏ’ என்ற எழுத்துகளோடு எண் தரப்படும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பழுது பார்க்க மட்டும் சாலைக்கு வரலாம். நியாயமான விதிகள்தான். விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டியவை: இன்ஷூரன்ஸ், கட்டணம், இந்தியாவில் பதிவான வண்டி என்றால் பழைய ஆர்.சி. புத்தகம்.

அங்கேதான் எங்கள் கதை நிற்கிறது. ஆர்.சி. புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டது. மிஞ்சிய அட்டையில் எண்ணின் பாதி தெரிகிறது, பெயர் இல்லை. ஓர் அலுவலகத்தில் கேட்டால், சமஸ்தான காலத்துப் பதிவேடு தங்களிடம் வரவில்லை, இன்னோர் அலுவலகத்தில் கேளுங்கள் என்றார்கள். அங்கே போனால், வண்டி இருப்பது எந்த எல்லையிலோ அங்கேதான் கேட்க வேண்டும் என்று பதில். நாகர்கோவிலில் இருக்கும் என் தம்பி, வண்டியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றான். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவெண் வாங்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆவது பிரிவு. அதற்கும் பழைய புத்தகம் வேண்டும்.

காகிதம் கிடைத்தாலும் அடுத்த தலைவலி பெட்ரோல் பங்கில் காத்திருக்கிறது. இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2025க்குள் நாடெங்கும் வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். நின்றே கிடக்கும் வண்டியின் டேங்கில் துரு பிடிக்கும். பழைய ரப்பர் குழாயைக் கெடுக்கும். அந்தக் கால வண்டிகள் சிலவற்றின் கார்புரேட்டரில் தக்கை மிதவை உண்டு. அதன்மேல் பூசிய அரக்கு ஆல்கஹாலில் கரைந்துவிடும். கரும்பு விவசாயிக்கு நல்ல காசு கிடைக்கட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பழைய வண்டிக்காரர்கள் மட்டும் குழாயையும் மிதவையையும் மாற்றிக்கொண்டு, ஓட்டம் முடிந்ததும் டேங்கை வடித்துவிட வேண்டியதுதான்.

திருவனந்தபுரத்தில் பழைய ஆவணங்களைப் புரட்டிப் பார்க்க மனு கொடுத்திருக்கிறேன். கிளப் நண்பர் ஒருவர் இன்னொரு வழி சொன்னார்: சேசிஸ் எண்ணை வைத்து இங்கிலாந்து ஆஸ்டின் கிளப்காரர்களிடம் வண்டி தயாரான தேதியை விசாரிக்கலாம் என்று. அலுவலகம் அதை ஏற்குமா என்பது வேறு விஷயம். இரண்டுமே நடக்கட்டும் என்று, சேசிஸ் எண்ணைத் தேடி நானும் பெரியப்பாவும் மண்ணெண்ணெய்த் துணியால் ஒரு மணி நேரம் துடைத்தோம். பெரியப்பா சிரட்டையில் எஞ்சின் ஆயில் எடுத்து வந்தார். ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் ஊற்றி, ஹேண்டிலைப் போட்டு மெல்ல நாலு சுற்று சுற்றினார். பிஸ்டன் இறுகிவிடக் கூடாதாம். மாதம் ஒரு முறை இதைச் செய்கிறாராம், முப்பது வருடமாக.

“இந்தா, நீ சுத்து” என்று ஹேண்டிலை என்னிடம் நீட்டினார். “பெருவிரலை உள்ள வைக்காத.”