படிவம் ஒன்று, கட்டணம் பல

வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து தருபவர்கள் எதற்காக, எவ்வளவு வாங்குகிறார்கள்? ஓய்வுபெற்ற ராணுவத்தினர் நிறைந்த அல்வாலில் இந்தக் கேள்வியை அலட்சியப்படுத்தினால் ஆபத்து.

செகந்திராபாத்தின் வடக்கு விளிம்பில், லோத்குண்டாவையும் பொல்லாரத்தையும் ஒட்டிக் கிடக்கிறது அல்வால். 2007-ல் பெருநகர ஹைதராபாத் மாநகராட்சியுடன் இணைக்கப்படும்வரை இது தனி நகராட்சி. பக்கத்திலேயே கன்டோன்மென்ட், திருமலகிரியில் ராணுவத்தின் பொறியியல் கல்லூரி. பணிக்காலத்தில் இந்தப் பக்கம் வந்து, ஓய்வுபெற்றதும் இங்கேயே வீடு கட்டிக்கொண்ட ராணுவத்தினர் ஏராளம். அந்தக் காலத்தில் மதராஸ் படைப்பிரிவுகளோடு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களின் வாரிசுகளும் இந்த வட்டாரத்தில் உண்டு. பென்ஷன், வங்கி வட்டி, மாடி போர்ஷனின் வாடகை - பலருக்கு வருமானம் இவ்வளவுதான். ஆனாலும் ஜூலை 31 நெருங்கும்போது காகிதங்களை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு நிம்மதி தேடுவதே வழக்கம்.

குழப்பம் அங்கேதான் ஆரம்பம். அரசின் இணையதளத்தில் தானே தாக்கல் செய்தால் ஒரு பைசா செலவில்லை. ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கும் ‘கன்சல்டன்ட்’ சில நூறு ரூபாய் கேட்பார். ஆடிட்டர் என்றால் சில ஆயிரம். இன்னொரு ரகமும் உண்டு. முதலில் எதுவும் தர வேண்டாம், ரீஃபண்ட் வந்ததும் அதில் ஒரு பங்கு கொடுத்தால் போதும் என்பார்கள். ஒரே படிவத்துக்கு ஏன் இத்தனை விலை?

முதல் காரணம், இந்தத் தொழிலுக்குக் கதவே இல்லை என்பது. வருமான வரி அதிகாரி முன்பு இன்னொருவருக்காக ஆஜராக வேண்டுமானால் ஆடிட்டர், வக்கீல் என்று சட்டம் சொல்லும் தகுதி வேண்டும். ஆனால் படிவத்தை நிரப்பிக் கொடுத்துக் காசு வாங்க இந்தியாவில் எந்த லைசென்ஸும் தேவையில்லை. ஆஸ்திரேலியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் மட்டுமே இதற்குக் கட்டணம் வாங்க முடியும். அமெரிக்காவில் இத்தகையோருக்குத் தேர்வும் பயிற்சியும் கட்டாயமாக்க வரித்துறை முயன்றது. அந்த அதிகாரம் துறைக்கு இல்லை என்று 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.

மத்திய அரசு 2006-ல் ஒரு வழி கண்டுபிடித்தது. பட்டதாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து, வரிக் கணக்குத் தயாரிப்பாளர் என்று சான்றிதழும் கொடுத்தது. புதிய வரிதாரர் ஒருவரை அவர் கொண்டுவந்தால், அந்த வரிதாரர் கட்டும் வரியில் முதல் ஆண்டு 3 சதவீதம், அடுத்த ஆண்டு 2, மூன்றாம் ஆண்டு 1 சதவீதம் என அரசே ஊக்கத்தொகை தரும். அதற்கும் உச்சவரம்பு உண்டு. வாடிக்கையாளரிடம் வாங்கக்கூடிய கட்டணமோ அதிகபட்சம் 250 ரூபாய். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சதவீதம் கணக்கிடப்பட்டது கட்டிய வரியின் மீது, திரும்பி வரும் ரீஃபண்டின் மீதல்ல. வரி ஒழுங்காகக் கட்டப்பட்டால் தயாரிப்பாளருக்கு லாபம். ரீஃபண்டில் பங்கு கேட்பவருக்கு லாபம் நேரெதிர்த் திசையில் இருக்கிறது.

ஆடிட்டர்கள் விஷயத்தில் சட்டம் இன்னும் கறார். 1949-ம் ஆண்டின் சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட்ஸ் சட்டப்படி, லாபத்தில் சதவீதமாகவோ வேலையின் முடிவைப் பொறுத்தோ கட்டணம் பேசுவது தொழில்முறைத் தவறு. கம்பெனி கலைப்பு அதிகாரி, மதிப்பீட்டாளர் போன்ற சில பணிகளுக்கு மட்டுமே விலக்கு. எவ்வளவு வாங்கலாம் என்பதற்கு அவர்களது இன்ஸ்டிடியூட் குறைந்தபட்சக் கட்டணப் பட்டியல் ஒன்றை வெளியிடுகிறது. நகரங்களை இரண்டு வகுப்பாகப் பிரிக்கும் அந்தப் பட்டியலில் சென்னையைப் போலவே ஹைதராபாத்தும் முதல் வகுப்பு. ஆனால் அது வெறும் சிபாரிசு. தெருமுனைப் போட்டியில் பலர் அதற்குக் கீழேயும் வாங்குகிறார்கள், பெரிய அலுவலகங்கள் மேலேயும் வாங்குகின்றன.

ஆடிட்டர்கள் தரப்பு நியாயம் எளிமையானது. தட்டச்சு செய்யும் பத்து நிமிடத்துக்கு அல்ல, எதைத் தட்டச்சு செய்ய வேண்டும் என்று தெரிந்திருப்பதற்கே கட்டணம். அல்வாலில் இதற்கு நல்ல உதாரணங்கள் உண்டு. ‘ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன்’ திட்டத்தில் 2019 ஜூலை முதல் உயர்த்தப்பட்ட தொகைக்கு 2022 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நிலுவைப் பணம் தவணைகளாகக் கைக்கு வந்தது. பல ஆண்டுப் பணம் ஒரே ஆண்டில் சேர்ந்தால் வரி எகிறும். அதைப் பழைய ஆண்டுகளுக்குப் பிரித்துக் காட்டி நிவாரணம் பெறச் சட்டத்தில் வழி இருந்தது. ஆனால் அதற்கு 10-ஈ என்ற தனிப் படிவத்தை முதலில் தாக்கல் செய்திருக்க வேண்டும். அதை மறந்தவர்களுக்கு நிவாரணம் மறுக்கப்படும். இதைத் தெரிந்து செய்தவர் வாங்கிய இரண்டாயிரம் ரூபாயில் குற்றம் காண முடியாது.

ராணுவத்தினரின் டிசபிலிடி பென்ஷனும் இப்படித்தான். உடல் பாதிப்பால் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவருக்கு மட்டுமே வரிவிலக்கு, பணிக்காலம் முடிந்து ஓய்வுபெற்றவருக்கு இல்லை என்று 2019 ஜூனில் நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கை விட்டது. சர்ச்சை உச்ச நீதிமன்றம்வரை போனது. இத்தகைய கேள்விக்கு ஜெராக்ஸ் கடையில் பதில் கிடைக்காது.

ஆனால் இந்த நியாயம் எல்லோருக்கும் பொருந்துவதில்லை. பென்ஷனும் வங்கி வட்டியும் மட்டுமே உள்ளவருக்கு இணையதளத்திலேயே பெரும்பாலான விவரங்கள் முன்கூட்டி நிரப்பப்பட்டு வருகின்றன. வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்பனை எல்லாம் 2021 நவம்பரில் அறிமுகமான ஆண்டுத் தகவல் அறிக்கையில் தெரிந்துவிடும். 75 வயதைக் கடந்து, பென்ஷனும் வட்டியும் ஒரே வங்கியிலிருந்து வந்தால், உரிய உறுதிமொழி கொடுத்துவிட்டுக் கணக்கே தாக்கல் செய்யாமல் இருக்கலாம். வங்கியே வரியைப் பிடித்துக்கொள்ளும். இவர்களிடம் சிக்கலான கணக்குக்குரிய கட்டணத்தைக் கேட்பது, காய்ச்சல் மாத்திரைக்கு ஆபரேஷன் பில் போடுவதற்குச் சமம்.

உண்மையான அபாயம் வேறு இடத்தில் இருக்கிறது. 2023-ல் ஹைதராபாத்திலும் விஜயவாடாவிலும் வரி கன்சல்டன்ட்கள் சிலரின் அலுவலகங்களைச் சோதித்த வருமான வரித்துறை, சுமார் 40 கோடி ரூபாய் போலி ரீஃபண்ட் மோசடியைக் கண்டுபிடித்ததாக அப்போது செய்திகள் வெளியாயின. அதே ஆண்டு கேரளத்தில் கடற்படையினர் உள்ளிட்டோர் பெற்ற போலி ரீஃபண்ட் குறித்து சிபிஐ வழக்குப் பதிவு செய்தது. அங்கே ஏஜென்ட்கள் கேட்ட விலை ரீஃபண்டில் 10 சதவீதம். 2025 ஜூலை 14 அன்று தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் 150 இடங்களில் சோதனை நடந்தது. கட்டாத வீட்டு வாடகை, வாங்காத கல்விக் கடன், கொடுக்காத அரசியல் நன்கொடை என்று இஷ்டத்துக்குக் கழிவு காட்டியிருந்தார்கள். அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் மட்டும் சுமார் 40,000 பேர் கணக்கைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் பொய்க் கோரிக்கைகளைத் தாங்களாகவே விலக்கிக்கொண்டதாக அரசு சொன்னது.

பத்து சதவீதம் மலிவாகத் தோன்றுகிறது. ஒருவருக்கு 60,000 ரூபாய் பொய் ரீஃபண்ட் வருகிறது, ஏஜென்டுக்கு 6,000 போகிறது என்று வைத்துக்கொள்வோம். பிடிபட்டால் 60,000-ஐ வட்டியோடு திருப்ப வேண்டும். வருமானத்தைத் தவறாகக் காட்டியதற்கு வரியில் 200 சதவீதம்வரை, அதாவது 1,20,000 ரூபாய் அபராதம். மொத்தம் 1,80,000, வட்டி தனி. நோட்டீஸ் வருவது கணக்கில் பெயர் உள்ளவருக்குத்தான். பொய்க் கணக்குக்கு உடந்தையானவரையும் தண்டிக்கச் சட்டம் உண்டு என்றாலும், முதலில் அவர் அகப்பட வேண்டும். இந்தக் கும்பல்கள் தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளை உருவாக்கிக் கணக்குகளைத் தாக்கல் செய்துவிட்டு, பிறகு அந்த முகவரிகளையே கைவிட்டன என்கிறது வரித்துறை. விளைவு, நோட்டீஸ் வந்ததே பலருக்குத் தெரியவில்லை.

ஆகவே கட்டணம் எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல், வேறு சிலவற்றையும் விசாரிப்பது நல்லது. கட்டணம் வேலைக்கா, ரீஃபண்டுக்கா? பின்னால் நோட்டீஸ் வந்தால் பதில் எழுதித் தருவது இதில் அடங்குமா, தனிக் கட்டணமா? 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்ததா? ரசீது உண்டா? கணக்கில் பதிவாகும் மின்னஞ்சலும் செல்போன் எண்ணும் யாருடையவை? தாக்கல் செய்வதற்கு முன் எந்தக் கழிவு எந்த ஆதாரத்தில் காட்டப்படுகிறது என்று காகிதத்தில் கொடுப்பாரா? இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்பவர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் தகும்.

காலமும் மாறுகிறது. புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டு முதல் 12 லட்சம் ரூபாய்வரை சாதாரண வருமானத்துக்கு வரி இல்லை, பெரும்பாலான கழிவுகளுக்கும் இடமில்லை. இல்லாத நன்கொடையைக் காட்டும் தேவையே பலருக்குப் போய்விட்டது. அல்வாலின் பென்ஷன்தாரருக்கு இனி ஆடிட்டர் தேவைப்படுவது வீட்டை விற்கும்போதும், பழைய நிலுவை வரும்போதும், நோட்டீஸ் வரும்போதும்தான். அந்த ஆண்டு அவர் கேட்கும் கட்டணத்தைக் கொடுக்கலாம். மற்ற ஆண்டுகளில் பேரனோ பேத்தியோ பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் உதவினால் போதும்.